கட்டைக்கூடும் குளிர்நாட்டுப் பெட்டியும்

ராக்காயி, கல்லுமலை முருகன்மேல் ஆணை, இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. உன் தம்பி வீரையா சுங்காயிலிருந்து வந்ததும் சத்தமாகப் படித்துக் காட்டு.

போன வாரம் முகவலையும் கையுறையும் மாட்டிக்கொண்டு, என் கெலுலுட் தேனீக்களைக் கட்டைக்கூட்டிலிருந்து எடுத்துக் குளிர்நாட்டுப் பெட்டிக்கு மாற்றினானே. "வெறகுக் கட்டையிலயா மச்சான் தேனீ வளப்பீங்க? வீடியோ பாருங்க லா" என்றான். நீயும் சிரித்தாய். என் கட்டை கோழிக்கூட்டுக்குப் பின்னால் போனது.

நம் வெயிலுக்குத் தடித்த கட்டைதான் தாங்கும். அவனுடைய மெல்லிய பலகை நேற்று மத்தியானம் அடுப்பாகிவிட்டது. ராணித்தேனீ வெளியே வந்து என்னிடம் மைலோ ஐஸ் கேட்டது. கொடுத்தேன். குடித்துவிட்டு, "எங்கள இதுல அடைச்சவன் எங்க?" என்றது. சுங்காய்க்காரன் என்றேன். அப்போதிலிருந்து படை முழுக்கக் கொடுக்கைத் தீட்டிக்கொண்டிருக்கிறது. கோப்பெங்கில் இப்படிக் கொட்டு வாங்கிய ஆளின் முகத்துக்கும் ஐசி அட்டைப் படத்துக்கும் இன்றுவரை சம்பந்தமில்லை.

தப்பிக்க ஒரே வழிதான். அவன் அந்த வலை, உறையெல்லாம் மாட்டிக்கொண்டு உச்சி வெயிலில் கட்டையைத் தூக்கிவந்து, ரம்புத்தான் நிழலில் பழைய இடத்திலேயே வைத்து, தேனீக்களைத் திரும்பக் குடியேற்ற வேண்டும். பிறகு கூட்டு வாசலில் குனிந்து, "தப்புதான் மச்சான்" என்று சொல்ல வேண்டும். எதிர்க்கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருப்பேன். அங்கே கேட்க வேண்டும்.

மீன்கறி சட்டியில் இருக்கிறது. அவனுக்குத் தலை போடாதே.

இந்தக் கடைசி வரியை மட்டும் படித்துக் காட்டாதே: கெலுலுட்டுக்குக் கொடுக்கே கிடையாது.