ஒரே பலகை

ஜூலை 5, சனி

கச்சான் காற்று, வறண்டு அடிக்கிறது. காலையிலிருந்து கிணற்றடிக் கொட்டிலில் மரம் இழைக்கும் சீவுளியும் நானும். வேப்பந்தூள் தொண்டை வரை கசப்பு. குர்ஆன் வைத்து ஓத மடக்குத் தாங்கி, ரேஹால்; இரண்டு மாதத்தில் மூன்றாவது முயற்சி. முதல் இரண்டும் பூட்டு வெட்டும்போது பிளந்து அடுப்புக்குப் போயின.

ஒரே பலகை. நடுவில் விரல் கோர்த்த மாதிரிப் பூட்டு வெட்டி, இரு முனையிலிருந்தும் அறுக்கும் வாளால் பிளக்க வேண்டும். சரியாக வந்தால் விரியும், பிரியாது. ஆணி இல்லை, பசை இல்லை. போனில் பார்த்துப் பழகியது.

மாலை ஐந்தரை. விரிந்தது! வீட்டுக்குள் கணவரிடம் ஓடினேன்.

"ஒரே பலக, பாருங்க."

"ஆ, வடிவா இரிக்கி." கண் கிரிக்கெட்டில்.

வாங்க: சாண்ட் பேப்பர் (மெல்லியது), தேங்காய் எண்ணெய், சலவைத்தூள்.

ஜூலை 13, ஞாயிறு

இவருடைய அலுவலகப் பெரியவர் மு. சேரும் மனைவி நஸீரா ராத்தாவும் சம்மாந்துறையிலிருந்து பகல் சாப்பாட்டுக்கு. சூரை மீன் குழம்பு, கோழி, வட்டிலாப்பம். இடுப்பு விட்டுப் போயிற்று.

சேர் ரேஹாலைக் கையில் எடுத்தார். "இது எங்க வாங்கின?"

"வாங்கல்ல சேர். நான்தான் செஞ்ச, சும்மா இரிக்கிற நேரத்தில" என்றார் இவர்.

வட்டிலாப்பத் தட்டோடு கதவடியில் நின்றேன்.

"எப்பிடி விரியுது?"

"ரெண்டு பலகய கம் வெச்சு ஒட்டின."

தான் செய்ததாகச் சொன்னதையாவது பொறுக்கலாம். ஒட்டினதாம்! சீ.

"புடிச்சிரிந்தா கொண்டு போங்க சேர்."

கொண்டு போனார்கள். என் வாப்பா எனக்கு எழுதித் தந்த வீட்டில் இருந்துகொண்டு என் பொருளைத் தானம் செய்கிறார். வரும் நோன்புக்கு அதில் வைத்து ஓதத்தான் செய்தேன்.

அவர்கள் போன பிறகு ஏன் என்று கேட்டேன். இவர் சொன்னது: "பொண்டாட்டி மரம் சீவுற ஓடாவி வேல செய்றா எண்டு சேர்ட்ட சொல்லேலுமா? என்ட இடமாற்றம் அவர்ட கையில. விளங்காதா?"

விளங்குகிறது. அருவருப்பாக இருக்கிறது. என்மேலும்தான். சிரித்துக்கொண்டு வட்டிலாப்பம் பரிமாறினேனே.

ஜூலை 16, புதன்

மின்வெட்டு. விடைத்தாள் 38, திருத்தியது 11. கொட்டில் பக்கம் போகவில்லை. உப்புக் காற்றில் உளி துருப்பிடித்திருக்கும். இவர் மீன் முள்ளை உறிஞ்சும் சத்தம் முன்பும் இப்படித்தான் இருந்ததா? பாதிச் சாப்பாட்டில் எழும்பிவிட்டேன்.

ஜூலை 27, ஞாயிறு

நஸீரா ராத்தா ஆட்டோவில் வந்தார். பையில் ரேஹால். பூட்டு கொஞ்சம் ஆடியதாம். ஒட்டினதுதானே என்று இன்னும் பசை ஊற்றினார்களாம். இப்போது மடியவில்லை. நான் வெட்டிய விரல்களுக்கு நடுவில் பசை சளி மாதிரிக் காய்ந்து கிடந்தது.

"செஞ்ச ஆள்தானே திருத்தோணும்," என்று இவரிடம் நீட்டினார்.

இவர் என்னைப் பார்த்தார். கொட்டிலுக்குப் போய் உளியை எடுத்து வந்து இவர் கையில் வைத்தேன்.

திருப்பினார். மறுபடி திருப்பினார். பிறகு மெல்ல என்னிடம், ராத்தா பக்கத்தில் இருக்கும்போதே:

"எந்த இடத்த புள்ள நீ ஒட்டின?"

ஒட்டினதாகச் சேரிடம் சொன்னது பொய் என்றல்லவா நினைத்திருந்தேன். இல்லை. உண்மையாகவே ஒட்டினது என்று நம்பிக்கொண்டு இருந்திருக்கிறார்.

"ஒட்டல்ல," என்றேன். "ஒரே பலக."

ராத்தா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ரேஹாலை இவரிடமிருந்து வாங்கி என் கையில் தந்தார்.

"அப்ப இது உங்கட வேலயா?"

"ஓம்."

இந்த ஒரு சொல்லைச் சொல்லத்தான் இரண்டு கிழமையாகப் புழுங்கினேன். சொன்ன பிறகு சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. இரண்டு மாதம் தினமும் இவர் அந்த வேப்பந்தூளை மிதித்துத்தான் கிணற்றடிக்குக் குளிக்கப் போனார். ஒருநாளும் நின்று பார்க்கவில்லை.