கண் இருட்டிய ஒரு நொடி

இல்லை கண்ணு, அது வெயில் இல்லை. நேற்று போனில் நான் ஆரம்பித்ததுமே "சரிம்மா, பாக்கலாம்" என்று வைத்துவிட்டாய், அதனால்தான் எழுதுகிறேன். சாப்பிட்டாயா, தூங்கினாயா. இங்கே அப்பாவும் நானும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். மாமா பிழைத்துவிட்டான்.

போன வாரம் கால்பந்து ஆடும்போது மைதானத்தின் நடுவில் விழுந்தான். யாரும் இடிக்கவில்லை. அவனைத்தான் தெரியுமே, காற்று பட்டாலே உருண்டு விழுந்து நடுவரைப் பார்ப்பவன். "போதும்டா நடிப்பு, எந்திரி" என்று எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். எதிரணி கோல்கீப்பர் மட்டும் சிரிக்கவில்லை. ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர். ஓடிவந்து மூச்சைப் பார்த்து நெஞ்சை அழுத்த ஆரம்பித்தவர், வண்டி வந்து ஷாக் கொடுக்கும்வரை நிறுத்தவில்லை. இப்போது மாமா படுக்கையில் இருந்துகொண்டு "ஒரு தடவ நெஜமா விழுந்தேன், பெனால்ட்டி குடுத்தாங்களா பாரு" என்கிறான். சிரித்தேன். பிறகு ஆஸ்பத்திரிக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

இதயத் தசை தடித்திருக்கிறதாம். குடும்பத்தில் வருவதாம். சும்மா இருக்கும்போது காட்டிக்கொள்ளாமல், மூச்சிரைக்க ஓடும்போது துடிப்பு தாறுமாறாகிவிடலாமாம். கூடப்பிறந்தவர்களும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொன்னதால் நானும் ஸ்கேனுக்குப் படுத்தேன். எனக்கும் இருக்கிறது. லேசாக. கடையில் திரைச்சீலை தைக்கும்போது பாதியில் மிஷினை நிறுத்தி நெஞ்சில் கை வைத்துப் பார்க்கிறேன். உள்ளே ஒன்று அடித்துக்கொண்டிருப்பதே இத்தனை காலம் தெரியாது. பிள்ளைகளுக்கும் இருக்கலாம் என்றார் டாக்டர். ஓடும்போது மயக்கம் வந்ததுண்டா என்று கேட்டார். பயிற்சியில் மேட்டில் ஓடி ஏறும்போது கண் இருட்டியது, வெயில்தான், ஒரு நொடிதான், கோச்சுக்குத் தெரிந்தால் அணியிலிருந்து தூக்கிவிடுவார், நீயும் சொல்லிவிடாதேம்மா என்று நீ என்னிடம் சொன்னது அப்போது ஞாபகம் வந்தது.

அப்பா, "புள்ள பாட்டுக்கு ஓடிட்டிருக்கா, நீ ஏன் குறுக்க விழற" என்கிறார். சொல்லிவிட்டு அவரே வாசலுக்கும் சமையலறைக்கும் நடக்கிறார்.

ஓடவே கூடாது என்று சொல்லவில்லை. ஈசிஜியும் இதய ஸ்கேனும் எடுத்து டாக்டர் சரி என்று சொல்லும்வரை ஓடாதே. நெஞ்சு வலித்தாலோ படபடத்தாலோ சமாளிக்காதே, உட்கார்ந்து பக்கத்தில் இருப்பவரிடம் சொல். மாமாவின் ரிப்போர்ட்டும் என்னுடையதும் உள்ளே இருக்கின்றன, மறக்காமல் எடுத்துப் போ. கோபம் வந்தால் என்னைத் திட்டிக்கொள். நீ நன்றாக இருக்க வேண்டும், நீண்ட நாள் இருக்க வேண்டும், எனக்கு வேறொன்றும் கேட்கத் தெரியவில்லை.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா

இது உன் கைக்கு வர நாளாகும். அதனால் உறையை ஒட்டுவதற்கு முன், அவசரத்துக்கு என்று நீ தந்திருந்த எண்ணில் உன் கோச்சைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.