நாலடி பின்னால் வந்தவளுக்கு

அக்கா, இன்று காலை மண்டியில் ஒரு மூட்டையில் குத்தூசியைச் செருகி அரிசி எடுத்துப் பார்த்தேன். புது அரிசி வாசனையோடு உன் தலையெண்ணெய் வாசனையும் வந்தது. எத்தனை நாள் உன் கொண்டையில் இருந்த ஊசி! போகவே போகாது போலிருக்கிறது.

சப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியான நாட்கள் அவை. ஆவடி ஸ்டேஷனில் வந்து நின்ற ரயிலெல்லாம் மூட்டை முடிச்சுகளோடு ஜனங்களை இறக்கிவிட்டன. என் புருஷன் செத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. மாதிரி அரிசியை வாராவாரம் பட்டணத்துக் கடைகளில் கொண்டுபோய்க் காட்டாவிட்டால் அவர் விட்டுப்போன மண்டி கைவிட்டுப் போய்விடும். அதற்காகவே காத்திருந்தார் புருஷனின் அண்ணன், என் மச்சாண்டார்.

"ஆம்பிளைங்களே ஓடியாறாங்கோ. நீ எங்க போற? சாவியக் குடு" என்றார்.

கொடுக்கவில்லை. துணைக்கு ஆள் வைத்துக்கொண்டேன். ஆள் என்றால் மீசையும் தடியுமாக ஒருத்தனை வைப்பார்கள். நானோ பருத்திப்பட்டில் நெற்களத்துக்குக் காவலிருந்த உன்னைக் கூப்பிட்டேன். ஊரே சிரித்தது. நீ கூலிகூடப் பேசவில்லை. என்னை ஏரிக்கரையில் நடக்கவிட்டுப் பின்னாலேயே வந்து பார்த்தாய்.

"நீ முன்னாடி நட. நான் நாலடி பின்னால வர்றேன். இன்னா சத்தம் கேட்டாலும் திரும்பாத. திரும்புனா நான் கீறது தெரிஞ்சிபூடும்."

மூன்று வாரம் ஒழுங்காகத்தான் நடந்தேன். நாலாவது வாரம், வீடெல்லாம் பூட்டிக்கிடந்த ஒரு தெருவில் சந்துக்குள்ளிருந்து தடியோடு இரண்டு பேர் வந்தார்கள். சுவரை ஒட்டி வந்த உன்னைக் கவனிக்காமல், நான் தனி என்றுதான் நினைத்திருந்தார்கள். பேசாமல் நடந்திருந்தால் அவர்கள் என்னை நெருங்குமுன் நீ அவர்கள் முதுகுப்பக்கம் வந்திருப்பாய். புத்திகெட்டவள், "அக்கா!" என்று கத்தித் திரும்பினேன். என் பார்வை போன பக்கம் அவர்களும் பார்த்தார்கள். முதல் அடி உன் வலது மணிக்கட்டில் விழுந்தது.

இடது கையால் கொண்டையிலிருந்து அந்தக் குத்தூசியை உருவி ஒருவன் தொடையில் இறக்கினாய். மற்றவன் ஓடியே போனான். நான் நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதேன்.

"அழுவாத. அரிசி கொட்டிச்சா பாரு."

வீங்கிய கையோடு கடை கடையாக வந்தாய். அதற்கப்புறம்தான் ஆஸ்பத்திரி.

அடுத்த வாரம் மச்சாண்டார் மறுபடி சாவி கேட்டு வாசலில் நின்றார். நீ மாவுக்கட்டோடு வந்து அவரைத் தாண்டி என்னைப் பார்த்தாய். "இடது கை சும்மாத்தானே கீது? நட." நடந்தேன். மண்டி இன்றைக்கும் என்னுடையது. அவருக்கு அந்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

போன மாதம் மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாய். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போனதற்கு உன்மேல் எனக்குக் கோபம்தான். பாடை கிளம்பியதும் மச்சாண்டார் என்னை மறித்தார்.

"பொம்பளைங்க தெருமுனையோட நின்னுக்கணும்."

"பட்டணம் வரைக்கும் எம்பின்னால வந்தவ. சுடுகாடு வரைக்கும் நான் போறேன். நவுருங்க."

நகர்ந்தார். பாடைக்கு நாலடி பின்னால் நடந்தேன். நெருப்பு வைத்ததும் வெட்டியான், "எல்லாரும் திரும்பிப் பாக்காம போங்கோ" என்றான். எனக்கு அதை யாரும் சொல்லியிருக்க வேண்டாம். உன் கையை முறித்துக் கற்றுக்கொண்டதல்லவா.

ஊசி இப்போது என் கொண்டையில் இருக்கிறது. நாளைக்குப் பட்டணம் போகிறேன், தனியாகத்தான். துணைக்கு ஆள் அனுப்பட்டுமா என்று மச்சாண்டார் கேட்டனுப்பினார். பின்னால் ஆள் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

திரும்பிப் பார்க்க மாட்டேன், அக்கா.