கையில் தராத உப்பு

பிப்ரவரி 11, செவ்வாய்

ஓட்டைகளை ஆராய்ந்தே பேராசிரியை ஆனவள் நான் ஒருத்திதான் என்று எங்கள் லேப் அட்டெண்டர் தெய்வநாயகி கேன்டீனில் சொல்லித் திரிகிறாளாம். பொய்யில்லை. வினையூக்கித் தூளில் உப்பைக் கலந்து சுட்டு, பிறகு உப்பைக் கழுவிவிட்டால், அது இருந்த இடமெல்லாம் நுண்துளை. பஜ்ஜிக் கடைப் பழைய எண்ணெய் அதற்குள் நுழைந்து டீசலாக வெளியே வரும். வரவேண்டும்.

கல்லுப்புக்காக மரக்காணம் போனேன். உப்பளக்காரர் பெயர் புருஷோத்தமன். மனைவி தவறிப் பல வருடமாம் (விசாரித்தது நானில்லை, தெய்வநாயகி). நான் கையை நீட்டினேன். அவர் பொட்டலத்தை வரப்பில் வைத்தார்.

"உப்பைக் கையில குடுக்கக் கூடாதுங்க மேடம். சண்டை வந்துடும்."

ஐம்பது வயதுவரை கல்யாணமே பண்ணாதவளுக்குச் சண்டை போட ஆள் ஏது என்று நினைத்துக்கொண்டே குனிந்து பொட்டலத்தை எடுத்தேன்.

மார்ச் 6, வியாழன்

உலை எண்ணூறு டிகிரியைத் தாண்டி, உப்பு உருகி, எல்லாம் ஒரே கட்டி. உப்பு எத்தனை சூட்டில் உருகும் என்று முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கே தெரியும். தாண்டியதா, தாண்டவிட்டேனா?

மறுபடி மரக்காணம் போகவேண்டும் என்றதும், "கடையில உப்பு இல்லீங்களா மேடம்?" என்றாள் தெய்வநாயகி. படிக அளவு பற்றிக் கால்மணி நேரம் பேசினேன். அவள் சிரிக்கவேயில்லை. அதுதான் பயமாக இருந்தது.

மார்ச் 7

போனேன். உப்பு வரப்பில்தான். டீயை மட்டும் கையில் கொடுத்தார்.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஜெயித்துவிட்டது! எண்ணெய் டீசலாகிவிட்டது. எல்லோருக்கும் கேக். என் துண்டைத் தெய்வநாயகியிடமே கொடுத்துவிட்டேன். உப்பு வேற நிறைய மிச்சம் இருக்குது. இனிமே என்னத்தைச் சொல்லி அங்க போறது? ச்சே — இந்த வயசுல என்னடி உனக்கு?

ஏப்ரல் 27, ஞாயிறு

போய்விட்டேன். உப்பு வேண்டாம், சும்மாதான் வந்தேன் என்றேன்.

அவர் பாத்தியில் குனிந்து ஒரு கை உப்பை அள்ளி, என் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

"சண்டை வந்துடுமே?"

"வரட்டுங்க. சண்டை போட ஆளில்லாம வீடு நல்லாவே இல்ல."

வண்டி ஓட்டும்போதும் அந்தக் கையைத் திறக்கவில்லை. கிளியனூர்வரை ஒரு கையில்தான் ஸ்டியரிங்.

ஜூன் 8, ஞாயிறு

எங்கள் வீட்டுச் சாம்பாரில் உப்பு கம்மி என்றார். உப்பளக்காரருக்கு உலகமே உப்பு கம்மிதான் என்றேன். மதியம்வரை ரெண்டு பேரும் பேசவில்லை.

சண்டை வந்தேவிட்டது என்று தெய்வநாயகிக்கு மட்டும் போன் பண்ணிச் சொன்னேன்.