பூப் பறித்துவிட்டு வருகிறவர்களுக்கும் கணக்கு

ஜூன் 19, புதன்

பத்தாம் வகுப்பு, முதல் பீரியட், கணக்கு. இன்றும் பாதிப் பாடத்தில் தமிழ்மதியும் இன்னும் மூன்று பெண்களும் வாசலில். விரல்களில் மல்லிகை ஈரம் காயவில்லை.

"மொட்டு விரியுறதுக்குள்ள பறிச்சு திண்டுக்கல் வண்டில ஏத்தணும் டீச்சர். அம்மா ஒத்தையில எம்புட்டுத்தான் பறிக்கும்?" என்றாள் தமிழ்மதி.

உள்ளே விட்டேன். விட்டு என்ன? பீரியட் முடியும்வரை கரும்பலகையை வெறித்துக்கொண்டிருந்தார்கள்.

ஜூன் 24, திங்கள்

தலைமை ஆசிரியர் முருகேசன் சார் கூப்பிட்டார். "கமரு டீச்சர், நமக்கு ரிசல்ட் முக்கியம். நேரத்துக்கு வர முடியாததுகள டி.சி. வாங்கிட்டு டுடோரியல்ல சேரச் சொல்லிருங்க."

கணக்கை வேறு பீரியடுக்கு மாற்றக் கேட்டேன். "அப்ப சயின்ஸ் போயிரும். பரவால்லையா?" என்றார். நியாயம்தான்.

காலாண்டுத் தேர்வு வரை அவகாசம் வாங்கி வந்திருக்கிறேன். எந்தத் தைரியத்தில்?

ஜூலை 3, புதன்

புதுப் பாடத்தைப் பீரியடின் கடைசிக்குத் தள்ளினேன். நேரத்தோடு வந்தவர்கள் பழைய கணக்கையே போட்டுச் சலித்து ஒரே கூச்சல். புதுப் பாடம் தொடங்கியதும் மணி அடித்துவிட்டது.

ஜூலை 4

ச்சே. இன்றும் அதே கதை.

ஜூலை 11, வியாழன்

பிடித்துவிட்டேன்!

முதலில் கொஞ்ச நேரம் மட்டும் நான். பிறகு ஜோடி ஜோடியாகக் கணக்கு. தாமதமாக வருகிறவளுக்கு நடந்ததைச் சொல்லித்தருவது அவள் ஜோடியின் வேலை.

தமிழ்மதிக்கு ஜோடி பாஸிலா, வகுப்பில் முதல் மாணவி. x² + 5x + 6-ஐக் காரணிப்படுத்தச் சொல்லிக்கொடுத்தவள் பாதியில் திணறினாள். "ஆற எதுக்கு ரெண்டு, மூணுன்னு பிரிக்கணும்? ஒண்ணு, ஆறுன்னு பிரிச்சா என்னா?" என்று தமிழ்மதி கேட்டிருக்கிறாள். பாஸிலா நோட்டோடு என்னிடம் ஓடிவந்தாள். இத்தனை நாளும் மனப்பாடம்! நாளைக்குத் திட்டமிட்ட பாடம் கிடக்கட்டும். அந்தக் கேள்விதான் நாளைய பாடம்.

ஆகஸ்ட் 29, வியாழன்

சொல்லாமல் கொள்ளாமல் கல்வி அதிகாரி வந்து பின் பெஞ்சில் உட்கார்ந்தார். கூடவே முருகேசன் சார். அந்த நேரம் பார்த்துத் தமிழ்மதி வாசலில்.

"ஏம்மா லேட்டு?" என்றார் அதிகாரி.

"பூ பறிச்சுட்டு வாரேன் மேடம்."

"பாதிப் பாடம் போயிருச்சே?"

"செத்த நேரம் குடுங்க மேடம். பாஸிலா சொல்லிருவா."

இருவரும் குசுகுசுவென்று பேசினார்கள். அதிகாரி அவளையே கரும்பலகைக்குக் கூப்பிட்டார். போட்டாள். தப்பு. யா அல்லாஹ், வாயைத் திறக்காமல் எப்படித்தான் நின்றேனோ! அவளே ஒரு வரியை அழித்தாள், குறியை மாற்றினாள். சரி!

முதலில் கைதட்டியது பாஸிலா. பிறகு வகுப்பே தட்டியது. பின் பெஞ்சிலிருந்தும் சத்தம் வந்தது.

அக்டோபர் 8

காலாண்டில் நாலு பேரும் பாஸ். தமிழ்மதி எழுபத்தொன்று. ஸ்டாஃப் ரூமில் கத்தியேவிட்டேன். டி.சி. பேச்சை யாரும் எடுக்கவில்லை.

மே 26, திங்கள்

பதினொன்றாம் வகுப்பு அட்மிஷன். தமிழ்மதியின் அம்மா அலுவலக வாசலிலேயே தயங்கி நிற்க, முருகேசன் சார் எழுந்துபோய்க் கூப்பிட்டு உட்காரவைத்தார். "எந்த குரூப்புமா?" என்று அம்மாவைத்தான் கேட்டார்.

"கணக்கு குரூப் சார்" என்றாள் தமிழ்மதி, அவரை நேராகப் பார்த்து.

எழுதிக்கொண்டார்.