அம்மா பெயர் என்ற கட்டம்

அன்புள்ள வாலுவுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். அப்பாவின் முழங்கால் அவர் பேச்சைக் கேட்பதில்லை, அவர் டாக்டர் பேச்சைக் கேட்பதில்லை, மற்றபடி குறையில்லை. நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்பி எழுதுகிறேன்.

போன வாரம் நீ போனில் அழுதது இன்னும் காதிலேயே நிற்கிறது. பாஸ்போர்ட்டில் அம்மா பெயர் ஒன்று, பிறப்புச் சான்றிதழில் வேறொன்று என்று அந்த நாட்டில் குடியிருப்பு அட்டைக்கான விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டார்கள், அட்டை காட்டாவிட்டால் மாதக் கடைசியில் வங்கியில் தற்காலிகக் கணக்கை மூடிவிடுவார்கள், சம்பளம் வந்து விழ இடமில்லை என்றாய். சான்றிதழிலேயே என் பெயரைப் போட்டு வாங்கிவிடலாம் என்று நீ சொன்னபடி லீவு போட்டு நகராட்சி அலுவலகம் போனேன். வாசலிலேயே ஒரு புரோக்கர் மடக்கி, "ரெண்டே நாள்மா, பேரு மாறிடும், யாருக்கும் தெரியாது" என்றார். சபலப்பட்டேன், பொய் சொல்ல மாட்டேன். எதற்கும் பழைய பதிவைப் பார்ப்போமே என்று உள்ளே கேட்டேன். குமாஸ்தா பதிவேட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். உன்னைப் பெற்றவள் பெயர், வயது இருபத்து நான்கு, வேலை தட்டச்சர், கீழே அவளே போட்ட கையெழுத்து. பச்சை உடம்போடு வந்து நின்று போட்டிருக்கிறாள், பேனா அழுந்திக் கடைசி எழுத்தில் மை பரவியிருக்கிறது. அதற்குப் பிறகு அவள் இருந்தது ஒன்றரை வருஷம்தான். அதை அடித்து என் பெயரை ஏற்ற எனக்கு மனசு வரவில்லை, புரோக்கரைத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

தப்பு ஆரம்பித்ததே என்னிடம்தான். உன்னைப் பள்ளியில் சேர்த்தபோது அம்மா பெயர் என்ற கட்டத்தில் என் பெயரை எழுதினேன், அப்போது எனக்குக் கல்யாணமாகி மூன்றே மாதம். மூத்தாள் பிள்ளை என்று யாரும் உன்னைப் பிரித்துப் பார்க்கக் கூடாது என்று வெளியே சொல்லிக்கொண்டேன், உள்ளே இருந்தது என் ஆசை. அப்பா பார்த்தார், கீழே கையெழுத்துப் போட்டார். பள்ளியில் இருந்ததே பாஸ்போர்ட்டுக்கும் போயிற்று. ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் இடத்தில் உட்கார்ந்து "பேரை ஒழுங்கா சொல்லுங்க" என்று ஊரையே அதட்டுகிறவள் செய்த வேலை இது!

நோட்டரி வக்கீலிடம் நடந்ததை நடந்தபடி உறுதிமொழிப் பத்திரமாக எழுதிக் கையெழுத்திட்டேன். அவளுடைய இறப்புச் சான்றிதழ், எங்கள் திருமணப் பதிவு, எல்லாவற்றின் மொழிபெயர்ப்பும் சேர்த்துக் கூரியரில் போட்டாயிற்று. இவை போதும் என்று அங்கே அட்டை அலுவலக அதிகாரி சொன்னதாக நீ நேற்று அனுப்பிய செய்தியைப் படித்த பிறகுதான் அப்பா டீயே குடித்தார். அசலைக் காட்டு, நகலைக் கொடு, ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதே. அந்தச் சீட்டை வங்கியில் காட்டி அவகாசம் எழுத்தில் கேள். கவுண்டரில் இருப்பவரிடம் எரிந்து விழாதே, அவருக்கும் காலையிலிருந்து முதுகு வலிக்கும்.

இன்னொன்று. அம்மா பெயர் என்ன என்று கேட்பார்கள். எனக்கு நோகுமோ என்று தயங்காதே. அவள் பெயரைத் தலை நிமிர்ந்து தெளிவாகச் சொல்.

போகிற காரியம் ஜெயமாகட்டும், நன்றாக இரு. அட்டை வந்ததும் இரண்டு பக்கமும் படமெடுத்து அனுப்ப மறக்காதே.

என்றும் உன்னை நினைத்திருக்கும்
அம்மா