திரும்பி வந்த கணக்கு

அக்கா,

கிழித்துப் போடுவதென்றாலும் படித்துவிட்டுக் கிழி.

இன்று எங்கள் கணக்கு திரும்பி வந்தது. ஒரு மூலக்கூறுக்குள் எலக்ட்ரான்கள் எப்படி நகரும் என்பதைக் குவாண்டம் கணினியில் படிப்படியாக ஓட்டிப் பார்க்கிறோம். சரியாக ஓடியதா என்று தெரிய, அதே படிகளைக் கடைசியிலிருந்து முதலுக்கு ஓட்டுவோம். புறப்பட்ட இடத்துக்கே வந்தால் சரி. இதுவரை பாதி வழியிலேயே பிழைகள் சேர்ந்து குழம்பிவிடும். புதிய முறையில் படிகள் குறைவு, வந்துவிட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். நான் வெளியே வந்துவிட்டேன்.

"போனதைத் திரும்பக் கொண்டுவரவா உனக்குச் சம்பளம் குடுக்கிறாங்க?" என்று அப்பா ஒருநாள் கேட்டாரே, நீகூட விழுந்து விழுந்து சிரித்தாய்.

அப்பா போன அந்த நாளையும் கடைசியிலிருந்து ஓட்டிப் பார்த்தேன். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டது, ஆஸ்பத்திரி லிஃப்ட், டாக்ஸி, மெஷின் அறைக்குள் போகுமுன் நாங்கள் ஃபோனை வைத்துப் பூட்டும் லாக்கர். அதற்கு முன்னால் போக முடியவில்லை. லாக்கரைத் திறந்தால், நான் எடுக்காத உன் பதினோரு அழைப்புகள்.

ஆஸ்பத்திரிச் சீட்டில் அப்பாவின் நேரம் மூன்று ஐம்பது. அதற்கு முன் பத்து முறை அழைத்திருக்கிறாய். அவர் என்னைக் கேட்டிருப்பார். பதினோராவது அழைப்பு நான்கு பத்துக்கு. அப்போது கேட்க அவர் இல்லை. அது உனக்காக அழைத்தது, இல்லையா அக்கா?

மறுபடி அழை, அதை மட்டுமாவது எடுக்கிறேன். லாக்கர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். ஃபோன் மடியில் இருக்கிறது.

உன் தங்கைதான்